அம்மா இங்கே இல்லாமல் இருந்த நாள்

என் நான்காவது நாவலை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். வழக்கமாக மூன்றே நாளில் படித்துவிடுவார். படித்ததும் சிதம்பரத்திலிருந்து போன் வரும். முதல் ஐந்து நிமிடம் திட்டு, அதற்குப் பிறகு ஒரு ‘ம்’. அந்த ‘ம்’ கிடைத்துவிட்டால் எனக்குப் பொன்னாடை போர்த்தின மாதிரி. இந்தத் தடவை திட்டும் இல்லை, ‘ம்’மும் இல்லை.

பத்தாம் நாள் காலை. கடலூர் முதுநகரில் எங்கள் கடை. படகு எஞ்சின்களுக்கு உதிரிப் பாகம் விற்கிறோம். வாஷர்களை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“பாப்பா, கடைசிப் பக்கத்துல ஒரு வரி வச்சிருக்கியே.”

“ஆமாண்ணே.”

“அது என்னோடது.”

எனக்கு முதலில் புரியவில்லை. என் கதாநாயகி ஒருநாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு, விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வருகிறாள். எங்கே போனாய் என்று கேட்கிற புருஷனிடம், “எங்கயும் போகல. இங்க இல்லாம இருந்தேன், அவ்வளவுதான்” என்கிறாள். நாவல் அங்கே முடிகிறது. முந்நூறு பக்கமும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நடந்து வருகின்றன. தலைப்பும் அதிலிருந்துதான். சென்னையில் பதிப்பாளர் அச்சுக்குப் பக்கம் கட்டத் தொடங்கிவிட்டார். அந்த வரியை உருவினால் நாவல் சரிந்துவிடும். உருவாமல் விட்டால் அண்ணன் என்னோடு பேச மாட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் குடும்பத்தில் எழுதுகிறவர்கள் நான்கு பேர். அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர், பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுவார். சித்தப்பா சிறுகதை. அண்ணன் சிறுகதையும் விமர்சனமும். கடைசியாக நான். பூர்வீகம் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் விவசாயம். “எனக்குப் பொறந்த ரெண்டும் பேனாவத் தவிர ஒண்ணையும் தூக்காது” என்று தாத்தா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாராம். பேனாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் சிதம்பரம் வந்து, தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். வீட்டில் எழுதாத ஆள் அம்மா ஒருத்திதான்.

ஒரே வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள் இருந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவர் மனைவி ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், வாசலில் நின்று விசிலடித்துப் பச்சைக் கொடி காட்டி அனுப்புவார். அந்தம்மா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ரிக்‌ஷாவில் ஏறுவார். இதை அப்பாவும் பார்த்தார், சித்தப்பாவும் பார்த்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருவருமே கதை எழுதி, இரண்டு தீபாவளி மலர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டும் அச்சாகி வந்தன. யாரைப் பார்த்து யார் காப்பியடித்தது என்று கேட்டு வாசகர்களிடமிருந்து கடிதம் வரத் தொடங்கியது. அதைவிடப் பெரிய கூத்து, கார்டே இரண்டு மலர்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததுதான்.

“சார், உங்க கதையிலயும் நான் செத்துப் போறேன். உங்க தம்பி கதையிலயும் செத்துப் போறேன். ஒரு தீபாவளிக்கு ஒருத்தன் எத்தன தடவதான் சார் சாவறது?”

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அம்மாதான் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, “நல்லா இருக்கற மனுசன எதுக்குச் சாவடிக்கறீங்க? இவுரு கொடி காட்டறதே போதாதா கதைக்கு?” என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. வீட்டில் யாராவது ரசமாக ஒன்று சொன்னாலோ, வெளியே பார்த்ததைச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது சொன்னாலோ, முதலில் கை தூக்கி “எனக்கு!” என்று சொல்பவருக்கு அது சொந்தம். அப்பா தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அந்த வாக்கியத்தை எழுதி, எடுத்துக்கொண்டவரின் முதலெழுத்தைப் போட்டு, சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். அதன் பிறகு அதை வேறு யாரும் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான் என்று அப்பா சொன்னார். ஆனால் அண்ணனுக்குத்தான் அது நடந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் பால்காரம்மா சொன்ன ஏதோ ஒன்றுக்கு நானும் கை தூக்கினேன். “நீ என்னம்மா பண்ணப் போற அத வச்சி?” என்று அப்பா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

கம்பியில் குத்தியிருந்தவற்றில் முக்கால்வாசி அம்மா சொன்னவை. இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அம்மா வாயைத் திறந்தாலே அப்படித்தான் வரும். அப்பாவைப் பார்க்க வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிற நண்பரைப் பற்றி, “அவுரு கெளம்பறேன்னு சொல்ல ஆரம்பிச்சா அதுவே ஒரு மணி நேரம் ஆவுது” என்பாள். கடகடவென்று ஓடுகிற மின்விசிறியைப் பார்த்து, “சத்தத்த நமக்குக் குடுத்துட்டுக் காத்த வேற யாருக்கோ அனுப்புது” என்பாள். உடனே மூன்று கைகள் மேலே போகும். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விடுவாள்.

நான் எழுத வந்தது இந்த வீட்டிலிருந்து இல்லை என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். பேட்டி எடுப்பவர்கள் நம்புவதில்லை. “உங்க ரத்தத்துலயே இருக்கே மேடம்” என்பார்கள். ரத்தத்தில் இருந்தது பிளஸ் டூ கணக்கில் தேறாதது மட்டும்தான். அதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகிக் கடலூர் வந்தேன். கடையில் என்னைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரர் எஞ்சின் பார்க்கத் துறைமுகத்துக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்துதான் நான் படித்தேன். ஒரு மீனவர் கருகின பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “கெட்டுப் போவலக்கா, கோவிச்சிக்கிட்டு இருக்குது” என்பார். வலை பின்னுகிற பெரியவர், வெளிநாட்டிலிருக்கிற மகனைப் பற்றி, “போன்ல நல்லாத்தான் சிரிக்கிறான். ஆனா கேமராவ மூஞ்சிக்கு மட்டுமே காட்டறான், ரூமக் காட்ட மாட்டேங்கறான்” என்பார். கிரீஸ் வாங்க வந்த ஒரு பெண், “எம்புருசன் தங்கமானவருதான்க்கா, நாலு நாளு கடலுக்குப் போயிருக்காரே, அப்ப” என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

இதற்கெல்லாம் கை தூக்க அங்கே என்னைத் தவிர ஆளே இல்லை. எஞ்சின் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினால், “எல்லாம் உனக்கேதான், எடுத்துக்க. பில்ல மட்டும் தப்பில்லாம போடு” என்பார்.

முதல் நாவலை எழுதும்போது எனக்கு முப்பத்தாறு வயது. அப்பா மாதிரியே அத்தியாயக் கடைசியில் திடுக்கிட வைத்து எழுதிப் பார்த்தேன். அண்ணன் படித்துவிட்டு, “அப்பாதான் உயிரோட இருக்காரே, அவுரே எழுதிக்க மாட்டாரா?” என்று திருப்பிக் கொடுத்தார். அழுதேன். பிறகு கடைக்கு வருகிறவர்கள் பேசுகிறபடியே பேசவிட்டு முழுவதையும் திரும்ப எழுதினேன். அது புத்தகமாக வந்ததும் அப்பா பஸ் பிடித்துக் கடலூர் வந்தார். வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்கு வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டார். சாயங்காலம் கிளம்பும்போது, “இதெல்லாம் நான் கேக்காத தமிழும்மா” என்றார். காலண்டர் தாளைத் தேடாமல் அவர் ஒருநாள் முழுக்கச் சும்மா கேட்டுக்கொண்டிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா போய் ஆறேழு வருடம் ஆகிறது, சித்தப்பா அதற்கும் முன்னாலேயே. இப்போது சிதம்பரம் வீட்டில் அம்மாவும், கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணனும், அண்ணியும்தான்.

அண்ணன் போனை வைத்த ஐந்தாவது நிமிடம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய காலண்டர் தாள், நடுவில் கம்பி குத்தின ஓட்டை. அப்பாவின் கையெழுத்தில், “எங்கயும் போகல. இங்க இல்லாம இருந்தேன், அவ்வளவுதான்.” கீழே அண்ணனின் முதலெழுத்து.

அது அம்மா சொன்ன வாக்கியம். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அம்மா வீட்டில் இல்லை. அடுப்பில் பால் காய்ந்து மூடி வைத்திருந்தது. அப்பா வைத்த சாதம் அடிப்பிடித்தது. எனக்கு அண்ணன்தான் சடை பின்னினார், இரண்டும் இரண்டு உயரத்தில். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு அம்மா வந்தாள், அப்பா கேட்டார், அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னாள். இதெல்லாம் எனக்குப் படம் மாதிரி நினைவிருக்கிறது. அண்ணன் கை தூக்கினது மட்டும் நினைவில்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். “ஏண்ணே, நாப்பத்தேழு வருசமா நீ அத எழுதவே இல்லையே?”

“எழுதலன்னு உனக்கு யார் சொன்னது? பதினோரு தடவ ஆரம்பிச்சிருக்கேன். சரியா வரல. வராததுனால என்னுது இல்லன்னு ஆயிடுமா?”

“அப்போ நான் என்னதான் பண்றது? நாவலக் கிழிச்சிப் போட்டுடட்டுமா?”

“நான் கிழிக்கச் சொல்லல பாப்பா. அந்த வரிய மட்டும் எடுத்துடு.”

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “மச்சான் ஒரு லைனுதானே கேக்கறாரு? குடுத்துட்டு வேற லைன் போட்டுக்கயேன். இந்த வாஷர் இல்லன்னா வேற வாஷர் எடுத்துக் குடுக்கறதில்லையா நீ?” என்றார்.

“அளவு மாறி வாஷர் போட்டா எஞ்சின் என்னங்க ஆவும்?”

“ஒழுவும்.”

“அதான் சொல்றேன்.”

கொஞ்ச நேரம் யோசித்தவர், “அப்படின்னா அத்தைகிட்ட போங்க ரெண்டு பேரும். சொன்னது அவுங்கதானே?” என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதுவரை அப்படி ஒன்று எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் காரோட்டச் சிதம்பரம் போனோம். அம்மா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தொரு வயது. காது நன்றாகவே கேட்கும், கேட்க வேண்டாமென்று நினைப்பவை மட்டும் கேட்காது. அண்ணன் அந்தக் காலண்டர் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். நான் நாவலின் கைப்பிரதியைப் பையிலிருந்து எடுத்தேன். இரண்டு பேரும் எங்கள் பக்கத்து நியாயத்தைச் சொன்னோம். அண்ணி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணனைக் கேட்டாள். “உன் கதையில அவ எங்கடா போறா?”

அண்ணன் தயங்கினார். “அது... ரயிலடிக்குப் போறா. தண்டவாளத்து ஓரமா நடக்கறா. அப்புறம் மனசு மாறித் திரும்பி வந்துடறா.”

“ம். நீ எங்கடி அனுப்பின?”

“திருவந்திபுரத்துக்கும்மா. கெடிலத்துப் படிக்கட்டுல உக்காந்து அழுவறா. நாப்பது பக்கம்.”

“நாப்பது பக்கம் அழுவறாளா?”

“நடுநடுவுல நெனச்சிப் பாக்கறாம்மா.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “ஒருத்தன் என்னத் தண்டவாளத்துல நடக்க விட்டான். ஒருத்தி ஆத்தங்கரையில உக்கார வச்சி அழ விட்டா. உங்கப்பா பங்குக்கு ஒரு தொடர்கதையில, புருசன்கிட்ட கோவிச்சிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனான்னு எழுதினாரு, பேர மாத்தி. நான் எங்க போனேன்னு ஒருத்தராவது கேட்டீங்களாடா?”

“அப்பாதான் கேட்டாரேம்மா” என்றார் அண்ணன்.

“கேட்டாரு. ‘எங்கயும் போகல, இங்க இல்லாம இருந்தேன், அவ்வளவுதான்’னு ஆரம்பிச்சேன். அது ஆரம்பம்டா. அடுத்தது சொல்ல வாயத் தொறந்தேன், நீ கையத் தூக்கின. உங்கப்பா கோவத்த மறந்துட்டுப் பேனாவத் தேடினாரு. உங்க சித்தப்பன், ‘அடடா, போச்சே’ன்னு தொடையத் தட்டினான். எல்லாரும் அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. நான் அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். அடிப்பிடிச்ச பானை வேற கெடந்துது.”

வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்து சிரித்தார். எழுதுகிறவர்கள் நான்கு பேர் இருந்த வீடு. வாக்கியத்தை ஆளுக்கு ஆள் பிடுங்கினோமே தவிர, அதன் மீதியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மளிகைக்கடையில் நாலு பேர் நின்றிருந்தால்கூட, “அப்படியா? அப்புறம்?” என்று கேட்டிருப்பார்கள்.

“எங்கம்மா போன?” என்று கேட்டேன்.

“பிச்சாவரம்.”

“பிச்சாவரமா?” என்றோம் இரண்டு பேரும்.

“எறா விக்கறதுக்குக் கூடைய எடுத்துக்கிட்டு நம்ம சந்துக்கு ஒருத்தி வருவாளே, அவ கூட. ‘தண்ணிக்குள்ள காடு நிக்குதுக்கா, நீ பாத்ததே இல்லையா, இங்கேருந்து இவ்ளோ கிட்ட இருக்கே’ன்னு தெனம் சொல்லுவா. ஒருநா காலையில வந்தா. கூடைய எறக்க வச்சி, ‘நான் வரேன் வா’ன்னு கெளம்பிட்டேன். அவ புருசன் படகுல வச்சித் தள்ளிக்கிட்டுப் போனான். அவ வீட்ல சோறு தின்னேன். நண்டுக் கொழம்பு.”

“அங்க என்னம்மா பண்ண?”

“பேசினேன். நாளு பூரா வாய் ஓயாம பேசினேன். அவளும் பேசினா. வயிறு வலிக்கச் சிரிச்சோம். நான் சொன்னதுல ஒண்ணக்கூட அவ எடுத்து வச்சிக்கல. கேட்டா, சிரிச்சா, அடுத்தது சொன்னா. உங்களோட உக்காந்தா நான் எதனா சொல்றதுக்குள்ள கை பறக்குமே. அப்புறம் அத நான் திருப்பிச் சொன்னா, ‘அது சித்தப்பாவோடது’ம்பீங்க. என் வாயில வந்தத நானே சொல்லக் கூடாதாம். அதான் ஒருநா இங்க இல்லாம இருக்கலாம்னு போனேன்.”

அண்ணன் அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அவுங்ககிட்ட என்னம்மா பேசின அன்னிக்கு?”

“அதச் சொல்ல மாட்டேன்” என்றாள் அம்மா. கோபமெல்லாம் இல்லை. மொச்சை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அன்று சாப்பிட்ட பிறகு, “வண்டிதான் இருக்கே மாப்ள, பிச்சாவரம் போயிட்டு வரலாமா?” என்று அவளே கேட்டாள். போனோம். அவளைக் கைத்தாங்கலாகத் துடுப்புப் படகில் ஏற்றினோம். ஆரஞ்சுக் கலர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டபோது, “இத மாட்டிக்கிட்டு முழுவினா தூரத்துல இருந்தே நல்லாத் தெரியும், எடுத்துடுவாங்க” என்றாள். அண்ணனின் வலது கை தானாகவே கொஞ்சம் மேலே எழுந்தது. நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். என் கைப்பையில் டைரி இருந்தது, ஜிப்பைத் திறக்கவில்லை. வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கி நின்ற அந்தக் குறுகின வாய்க்காலில், ஒரு மணி நேரம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். படகுக்காரரோடு பேசினாள், அண்ணியோடு பேசினாள், ஒரு கொக்கோடுகூட ஏதோ பேசினாள். நாங்கள் கேட்டோம், சிரித்தோம், ‘அப்புறம்’ என்றோம். எழுத்தாளராக இருப்பதைவிட அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பழகினால் வருகிறது.

திரும்பும்போது காரில் நாவல் பேச்சு வந்தது. நான் வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன். உண்மையாகவே எடுத்துவிடத்தான் நினைத்தேன். அண்ணன், “வேணாம், நீயே வச்சிக்க. நாப்பத்தேழு வருசம் காவல் காத்துட்டேன், போதும்” என்றார். பிறகு இரண்டு பேரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம்.

“நான் சொன்னத எழுதறதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல” என்றாள். “ஆனா அதோட நிறுத்தாத. அதுக்கப்புறம் என்ன நடந்துதோ அதையும் எழுது. ஆத்தங்கரை அழுவாச்சிய எடுத்துடு. நான் அழுவல.”

மறுநாள் பதிப்பாளருக்குப் போன் செய்து மூன்று வாரம் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். “மேடம், கடைசி அத்தியாயந்தானே? நல்லாத்தானே இருக்கு, நானே கண்கலங்கிட்டேன்.” “அதுதான் சார் தப்பு” என்றேன். நாற்பது பக்கத்தையும் வெட்டினேன். இப்போது நாவலில் அவள் காலையில் பால் காய்ச்சி மூடிவிட்டுப் போகிறாள். அடுத்த அத்தியாயத்தில் விளக்கேற்றும் நேரத்துக்கு வருகிறாள். நடுவில் நடந்தது வாசகருக்கும் தெரியாது. அவள் அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள், மகன் கை தூக்குகிறான், வீடே சிரிக்கிறது, சொல்ல வந்த அடுத்த வாக்கியத்தோடு அவள் அடுப்பங்கரைக்குப் போகிறாள். அந்த நான்கு பக்கத்தை எழுத எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. அதுவரை நான் எழுதியதிலேயே அந்த நான்கு பக்கம்தான் உருப்படி என்று இப்போதும் நினைக்கிறேன்.

திருத்தினதை அண்ணனுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை இரண்டே நாள்.

“என்ன வில்லனாக்கிட்டியே பாப்பா!”

“பதிமூணு வயசு வில்லன்தானேண்ணே. சடையெல்லாம் பின்னிவிடறானே.”

“அது மட்டும் நல்லா வந்திருக்கு” என்றார். சற்றுப் பொறுத்து அந்த ‘ம்’ வந்தது. அந்தப் பதினோரு தொடக்கங்களையும் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அடிப்பிடித்த சாதத்தை அப்பா எப்படி எங்களைச் சாப்பிட வைத்தார் என்பதைத் தான் எழுதிப் பார்ப்பதாகவும், அது யாரும் சொன்ன வாக்கியம் இல்லை, தான் தின்ற சோறு என்றும் சொன்னார். குரலில் இத்தனை லேசு அவரிடம் நான் கேட்டதில்லை.

நாவல் போன வருடம் வந்தது. விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்து, “அந்தம்மா அன்னிக்கு எங்கதான் மேடம் போனாங்க? என் மாமியார்கூட கேக்கறாங்க” என்றார். “உங்க மாமியார் எங்கனா போயிருக்காங்களான்னு அவுங்களக் கேட்டீங்களா?” என்றேன். “இருங்க மேடம், கேட்டுட்டு வரேன்” என்று போனை வைத்துவிட்டார்.

இந்தக் கட்டுரையையும் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “படகுல போனத எழுது. அவகிட்ட பேசினது உனக்கே தெரியாது, அதனால பயமில்ல” என்றாள்.

இப்போதெல்லாம் மத்தியானம் கடையில் ஆள் குறைகிற நேரம் பார்த்துத் தினமும் போன் செய்து, “இன்னிக்கு எங்கம்மா போன?” என்று கேட்கிறேன். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அந்த நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம், அண்ணி சொன்னாள். நேற்றுக் கேட்டபோது பல் டாக்டரிடம் போயிருந்ததாகச் சொன்னாள்.

“வலிச்சுதாம்மா?”

“பல்லு வலிக்கல. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, வாய்க்குள்ள லைட்ட அடிச்சிப் பாத்துட்டு, ‘உள்ள எல்லாரும் இன்னும் குடியிருக்காங்க பாட்டி’ன்னா. எனக்குச் சிரிப்பு தாங்கல.”

என் கை மேஜைமேல் இருந்த பென்சிலைத் தேடிப் போய்விட்டது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, பேச்சை நிறுத்திவிட்டாள். பென்சிலை டப்பாவில் போட்டு மூடினேன். கடைக்கு வந்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

“ம்மா, அப்புறம்?”